கரையான் தின்ற ஏடும் காலாவதியான ஃப்ளாஷும்

2000-கள்ல பிரவுசிங் சென்டர்ல காசு கொடுத்து உட்கார்ந்து ஃப்ளாஷ் கேம் ஆடினவங்க நம்மில் நிறைய பேர். அந்த ஃப்ளாஷை 2020 டிசம்பர் 31-ஓட அடோபி கைவிட்டுடுச்சு. 2021 ஜனவரி 12-லேர்ந்து பிளேயரே எதையும் ஓட்ட மறுத்துச்சு. அப்படித்தான் அதுக்குள்ள எழுதி வெச்சிருந்தாங்க. விளையாட்டுக் கோப்பு அப்படியே இருக்கு, ஆனா ஓடாது.

இந்தச் சிக்கல் நம்ம கடலூர் மாவட்டத்துக்குப் புதுசில்லைங்க. திருமுறைகண்ட புராணம் சொல்ற கதை தெரிஞ்சிருக்கும். தேவார ஏடுகள் சிதம்பரம் கோயில்ல ஒரு அறையில பூட்டிக் கிடக்கு. பாடின மூவரும் வந்தாத்தான் திறப்போம்னு தீட்சிதர்கள் சொல்ல, ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மூவரோட திருவுருவங்களைக் கொண்டுவந்து திறக்க வெச்சாங்களாம். உள்ளே கரையான் புற்று! எண்ணெய் ஊத்திப் புற்றைக் கரைச்சு, மிஞ்சின ஏட்டை எடுத்தாங்க. இன்னிக்குக் கிடைக்கிறது கிட்டத்தட்ட 800 பதிகம்.

நாம வழக்கமா கதையை இங்கேயே முடிச்சுடுவோம். ஆனா பாதிதான் முடிஞ்சிருக்கு. எழுத்து கிடைச்சாச்சு, எந்தப் பண்ணுல எப்படிப் பாடறது? அதுக்கு ஆள் தேடிப் போனது எருக்கத்தம்புலியூருக்கு, அதாவது விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினம். சம்பந்தருக்கு யாழ் வாசிச்ச திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவர் மரபுல வந்த ஒரு பெண்தான் பண் வகுத்துக் கொடுத்தாங்கன்னு புராணம் சொல்லுது. அரசன் பேரும் நம்பி பேரும் நிக்குது. அந்தம்மா பேரு மட்டும் இல்ல.

ஃப்ளாஷ் கதையும் இதேதான். 2018-ல ஆரம்பிச்ச ஃப்ளாஷ்பாயிண்ட் தன்னார்வலர்கள் 1 லட்சத்துக்கும் மேல விளையாட்டுகளைச் சேர்த்தாங்க. இது ஏடு எடுக்கிற வேலை. ஆனா சில விளையாட்டு 'நான் என் சொந்தத் தளத்துலதான் இருக்கேனா?'ன்னு சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் ஓடும். சிலது ஆடும்போதே அடுத்தடுத்த கோப்பைத் தளத்துலேர்ந்து கேட்கும். அதனால நம்ம கம்ப்யூட்டர்லயே ஒரு குட்டி சர்வரை ஓடவிட்டு, பழைய தளம் இன்னும் உயிரோட இருக்கிற மாதிரி நம்ப வெக்கிறாங்க. இன்னொரு பக்கம் ரஃபிள்னு ஒண்ணு, அடோபி பிளேயரே இல்லாம ஃப்ளாஷ் கோப்பை ஓட்டுது. 2020 நவம்பர்ல இன்டர்நெட் ஆர்க்கைவ் இதை வெச்சுத்தான் பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகளைத் திரும்ப ஆட விட்டுச்சு. இது பண் வகுக்கிற வேலை.

ஏட்டைக் காப்பாத்தினவரைக் கொண்டாடுவோம், சரிதான். அதைப் பாட வெச்சவங்களையும் கொஞ்சம் நினைச்சுப்போம். பாட ஆளில்லாத பதிகம், வெறும் எழுத்தாவே நின்னுடும்.

உங்க பழைய சிடியில தமிழ்ல யாராவது செஞ்ச ஃப்ளாஷ் விளையாட்டு கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே. இப்ப பண் தெரிஞ்சவங்க இருக்காங்க, ஏடு உங்க பரண்ல இருக்கலாம்.