பழைய வானைத் திருத்தித் தொழில் தொடங்க முன்

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் நின்றபோது, யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய வாகனங்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றில் சில இன்றும் வளவுகளில் கறல் பிடித்துக் கிடக்கின்றன. மொரிஸ் மைனர் வானொன்றை நடமாடும் கடையாக மாற்ற எண்ணும் புதியவர் கவனிக்க வேண்டியவை:

உரிமை: எஞ்சின், செசி இலக்கங்கள் பதிவுப் புத்தகத்துடன் பொருந்த வேண்டும். உரிமையாளர் இடம்பெயர்ந்தோ காணாமல் ஆக்கப்பட்டோ இருக்கலாம். குடும்பத்தின் சம்மதமின்றி ஓர் ஆணியையும் கழற்ற வேண்டாம்.

செசி: மைனர் காரைப் போலன்றி வானுக்குத் தனிச் செசி உண்டு. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் உக்கிய இடம் தெரியவரும்.

எஞ்சின்: முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து தேய்மானத்தைக் கூட்டியிருக்கும். திறந்து சோதிப்பது அவசியம்.

பிறேக்: வானை வீதிக்கு எடுக்குமுன் பிறேக் சிலிண்டர்களையும் குழாய்களையும் புதிதாக்குங்கள்.

மாற்றம்: தொடக்ககால வான் கால் தொன், அதாவது சுமார் 250 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்பட்டது. தட்டுகள், அடுப்பு, தண்ணீர், சரக்கு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உடலமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி பெறுங்கள்.

வர்ணம் பூசுவது கடைசி வேலை.