ரவாங்கில் கைதான தொழிற்சங்கத் தலைவர்

மலாயாவில் முதன்முதலில் மின்விளக்கு எரிந்த ஊர்களில் ரவாங்கும் ஒன்று என்று பெருமை பேசுவோர் உளர். 1894இல் ஈயச் சுரங்கத்துக்கு வந்த வெளிச்சம் அது. தோட்டத்து லயங்களுக்கு வந்ததன்று. நாம் இங்கு கூறப் புகுவது, அந்த ரவாங்கில் 1949 மார்ச் 1ஆம் நாள் கைதான எஸ். ஏ. கணபதியைப் பற்றி. தஞ்சைச் சீமையில் பிறந்த அவர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர்.

இப்பணி அவரோடு தொடங்கியதன்று. 1941இலேயே கோலாலம்பூர்த் தமிழ்ப் பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் கிள்ளான் தோட்டத் தொழிலாளரை ஒன்று திரட்டினார். அவர்கள் கேட்டவை யாவை? சீனருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரை எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு. கூலியைப் பற்றியாவது பேரம் பேசலாம். சைக்கிளில் அமர்ந்தபடியே ஒரு கூலியாள் தம்மைக் கடந்து செல்வதைத்தான் துரைமார் பொறுத்திருக்க மாட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது! நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

1948 ஜூனில் புதுச் சட்டம் பிறந்தது. அந்தந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவமில்லாதார் சங்க நிர்வாகியாகக் கூடாது. பல தொழிலினர் ஒரே சம்மேளனமாய் இணையக் கூடாது. பட்டணத்திலிருந்து தோட்டத்துக்குச் சென்று சங்கம் நடத்துவோர்க்குக் கதவடைத்த சட்டம் இது. அம்மாதமே அவசரகாலமும் பிரகடனமாயிற்று. அதன் விதிப்படி ஆயுதம் வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம். கணபதிமீது சாட்டியதும் அஃதொன்றே: ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. எவரையும் சுட்டதாக வழக்கில்லை.

நேருவின் அரசாங்கம் வேண்டியும் பயனில்லை. மே 3ஆம் நாள் சங்கத் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.