ஐயாயிரம் மீட்டர் ஆழத்துப் பூஞ்சணம்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்குப் பூஞ்சணம் என்றாலே எரிச்சல்தான். குரோம் ஏற்றிய ஈரத்தோலை மருந்து போடாமல் அடுக்கி வைத்தால் பச்சையும் கருப்புமாகப் புள்ளி விழுந்துடும். அப்படிப் புள்ளி போடுகிற ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தைக் கடலடிச் சேற்றில் தேடியவர், கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் சந்திரலதா ரகுகுமார்.

சாகோஸ் பள்ளத்தில், 5900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றுத் தூணில் அவரது குழு உயிருள்ள பூஞ்சணங்களைக் கண்டது. சேற்றின் வயது 1.8 லட்சம் முதல் 4.3 லட்சம் ஆண்டுகள். 2004இல் இது வெளியானது. இப்படிப்பட்ட எந்த முடிவுக்கும் ஒரு கேள்வி காத்திருக்கும்: இது நிலத்துப் பூஞ்சணம்தானே, காற்றில் வந்த வித்து கடலில் விழுந்து அடியில் தூங்கிக்கிட்டு இருந்திருக்கலாமே? நியாயமான கேள்விதான். வித்து எங்கேயும் கிடக்கும். கிடப்பது வேறு, வாழ்வது வேறு.

பதில் 2006இல் வந்தது. சமீர் தமாரே, சேஷகிரி ரகுகுமார் ஆகியோருடன் சேர்ந்து அவர் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில், சுமார் 5000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து 181 வளர்ப்புகளைப் பிரித்தெடுத்தார். அதைவிட முக்கியம், ஒளிரும் சாயம் ஏற்றிச் சேற்றையே நேரடியாகப் பார்த்ததில் பூஞ்சண இழைகள் தெரிந்தன. வித்து முளைத்தால்தானே இழை! ஆய்வகத்திலும் 25 வகைகள் 200 பார் அழுத்தத்தில், 5 டிகிரிக் குளிரில்கூட நன்றாக வளர்ந்தன. எனக்கு அந்த இழைகள்தான் இந்தக் கதையின் உச்சம்.

பாலாற்றுக்காரர்களுக்குச் சுவாரசியமானது அவரது 1999 கட்டுரை. பவளத் தீவுக் காயலில் அழுகிய கடற்புல்லில் கிடைத்த ஃப்ளாவோடான் ஃப்ளாவஸ் என்ற பூஞ்சணம், லிக்னினில் கிட்டத்தட்ட 24 விழுக்காட்டை 24 நாளில் கார்பன் டை ஆக்சைடாக்கியது. லிக்னினை உடைக்கும் நொதிகளை அது கடல்நீரிலேயே சுரந்தது. சாராய ஆலைக் கழிவின் கருப்பு நிறத்தையும் பின்னால் வெளுத்துக் காட்டியது.

நம்ம ஊர்ச் சிக்கலில் பாதி உப்புதான். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறோம், ஊறவைக்கும்போது அத்தனையும் தண்ணீரில் இறங்குகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு தெரிந்ததே. அந்த உப்பில் பல நிலத்து நுண்ணுயிர்கள் சுருண்டுவிடும், கடல் பூஞ்சணத்துக்கோ அது பழகிய தண்ணீர். அதுக்காக, குரோமியத்தையும் இது தின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கரிமப் பொருளைத்தான் நொதி உடைக்கும், உலோகம் உலோகமாகவே கிடக்கும்.