சேறும் ரேடியேட்டரும்: காட்டுப்பள்ளியில் கிளம்பிய ஒரு கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். சொந்தமாக ஒரு பொக்லைன் வைத்து காட்டுப்பள்ளி பக்கம் மண் வேலை எடுத்துச் செய்கிறார். கழிமுகத்தை ஒட்டிய சேற்றில் இரண்டு நாள் ஓடிய வண்டி மூன்றாம் நாள் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிற்று. ஹெட்டையும் இழைக்க வேண்டும் என்றார் மெக்கானிக். மாதத் தவணை இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இத்தனைக்கும் நடுவில் அவர் கேட்டது இதுதான்: "சார், இந்த ரேடியேட்டரை இவ்வளவு சின்னச் சின்ன ஓட்டையா எவன் சார் கண்டுபிடிச்சான்? நீங்கதான வரலாறு வாத்தியார்!"

வேடிக்கையாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. தேடிப் படித்ததையும், அவரோடு நேரில் போய்ப் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எவன் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது: ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக். 1886ல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டியை ஓட்டியபோது ரேடியேட்டர் என்ற பொருளே கிடையாது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், ஓட்டுபவர் வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். சின்ன எஞ்சினுக்கு அது போதும். குதிரைத்திறன் ஏற ஏற, சுமந்து செல்ல வேண்டிய தண்ணீரும் ஏறியது. ஒரு எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. இன்னொரு பங்கை இந்தத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு காற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

மேபாக் 1900-1901ல் செய்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரை வைத்தார். 8,070 சிறு சதுரக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர். குழாய்களுக்குள் காற்று போகும், குழாய்களின் இடுக்கில் தண்ணீர் ஓடும். காற்றைத் தொடும் பரப்பு பல மடங்கு கூடியதால் கொஞ்சம் தண்ணீரே போதுமானது. இன்றுள்ள ரேடியேட்டர்களில் தண்ணீர் தட்டையான குழாய்களில் ஓடுகிறது, இடையில் மடித்த மெல்லிய தகடுகள் வழியாகக் காற்று போகிறது. வடிவம் மாறினாலும் தத்துவம் அதேதான். இடைவெளி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு குளிர்ச்சி. என் மாணவரின் கஷ்டமும் அங்கேதான் பிறந்தது. எந்த நுணுக்கம் குளிரவைக்கிறதோ அதுவே சேற்றையும் பிடித்துவைக்கிறது. மேபாக் ஓட்டிய சாலைகளில் எண்ணூர்க் கழிமுகம் இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி நம்ம ஊர்ச் சேற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது ஒரே சேறு அல்ல. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக: காட்டுப்பள்ளி என்பது கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி இவற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு. வடக்கே போனால் பழவேற்காடு, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய்தான் பிறகு வடக்கே நீண்டு, 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வாங்கிக்கொண்டது. படகுக்காக உருவான நிலம் அது. கனரக வண்டி அங்கே நேற்று வந்த விருந்தாளி. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001ல் எண்ணூர் துறைமுகம், 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2013ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் மண் அள்ள, மண் கொட்ட, பள்ளம் தோண்ட வண்டிகள் வந்தன.

கடல் பக்கம் வெறும் மணல். அது உலர்ந்தால் உதிர்ந்துவிடும், ரேடியேட்டரில் ஒட்டாது. கழிமுகப் பக்கம் கறுப்புக் களி. பழைய உப்பளங்களின் உப்பு ஊறிய களி அது. மூன்றாவது, அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையில் சாம்பல் படிந்த செய்தியைப் பல வருடங்களாகப் படிக்கிறோம், மீனவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முகப்பவுடர் மாதிரி நைசான சாம்பல் களியோடு சேர்ந்தால் கிட்டத்தட்டப் பூச்சுக் கலவை. வண்டியின் ஃபேன் அதை உள்ளே இழுக்கிறது. தகடுகளுக்கு இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடம். உள்ளே 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர். ஈரச்சேறு அங்கே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சூளையில் வைத்த பச்சைக்கல் என்ன ஆகுமோ அதுதான். வெளியே கைபோட்டுப் பார்த்தால் கொஞ்சம் அழுக்காகத் தெரியும், உள்ளே செங்கல் சுவர் எழுந்திருக்கும்.

மாணவரின் வண்டியில் இன்னொன்றும் நடந்திருந்தது. முதலில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது, பிறகு தானாகவே கீழே இறங்கியது. "சரியாயிடுச்சுன்னு நெனச்சு ஓட்டிட்டேன் சார்" என்றார். அது சரியானதல்ல. தண்ணீர் கொதித்து வெளியேறி மட்டம் இறங்கிவிட்டால், சூட்டை அளக்கும் முனை தண்ணீரில் மூழ்காமல் வெற்றிடத்தில் நிற்கும். அப்போது அது குறைத்துக் காட்டும். கார் வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். அந்த பிரஷர் மூடி தண்ணீரை 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்கவிடாமல் அழுத்திவைத்திருக்கிறது. திறந்த மறுநொடி அது முகத்தில்தான் வரும்.

பாதையில்லாத இடத்தில் வண்டி ஓட்டியவர்கள் நூறு வருடமாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920களின் பிற்பகுதியில் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் எகிப்து, லிபியா மணல்வெளிகளைக் கடந்தார். தண்ணீர் ஒவ்வொரு துளியும் உயிர். கொதித்து வரும் நீராவியை ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் கட்டிய தண்ணீர் டின்னுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே தண்ணீராகும், எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 1940ல் அவர் தொடங்கிய நீண்டதூரப் பாலைவனப் படையின் லாரிகளிலும் இந்த டின் இருந்தது. உங்கள் காரில் பானெட்டைத் திறந்தால் தெரியும் அந்த பிளாஸ்டிக் டப்பா இதே வேலையைச் செய்யும் தூரத்துச் சொந்தம்தான். அதே மனிதர் 1941ல் காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று எழுதிய இயற்பியல் நூல் இன்றும் படிக்கப்படுகிறது. ஒரே ஆள் இரண்டும் செய்த காலம் அது!

சேற்றுக்கு வேறு தந்திரங்கள். இரண்டாம் உலகப்போர் ஜீப் ஓட்டியவர்கள் ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவார்கள். சுற்றும் ஃபேன் சேற்றுத் தண்ணீரை எஞ்சின் முழுக்க வாரியடிக்கும், சில சமயம் இறக்கை வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். முன்னால் ஒரு கித்தான் துணியைக் கட்டிக்கொள்வதும் உண்டு, கரையேறியதும் அவிழ்க்க வேண்டும். அந்த ஜீப்பின் வாரிசுகள்தான் நாம் பார்த்த பி.டி.ஓ. ஜீப்புகள்.

இன்னொரு வழி, ரேடியேட்டரே வேண்டாம் என்பது. போரில் ஜெர்மானியர் ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் ராணுவ வண்டி காற்றாலேயே குளிர்வது. ரஷ்யச் சேற்றில் அடைபட ரேடியேட்டர் இல்லை, பனியில் உறைய தண்ணீர் இல்லை. செக் நாட்டு டாட்ரா லாரியும் அப்படித்தான். 1986 முதல் பெமல் வழியாக நம் ராணுவத்துக்கு வந்தவை அவை. என்றாலும் காற்றில் குளிரும் எஞ்சின் சத்தம் அதிகம், புகைக் கட்டுப்பாடு இறுக இறுக அதைச் சமாளிப்பதும் கடினம். அதனால் உலகம் பெரும்பாலும் தண்ணீருக்கே திரும்பிவிட்டது.

நம் மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955ல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை காட்டுப்பள்ளிக்குத் தெற்கே கூப்பிடு தூரம்தான். ராணுவத்தின் ஸ்டாலியன் லாரி அவர்களுடைய வடிவமைப்பு. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965ல் வெளிவந்தது. அதில் இருந்தது இங்கிலாந்து லேலண்டின் எல்-60 எஞ்சின். அதே எஞ்சினை வைத்த பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் குளிர்நீர் கசிவு வருடக்கணக்கில் தலைவலியாக இருந்தது. டாங்கிகளில் பெரும்பாலும் ரேடியேட்டரைப் பின்பக்கம் மேலே வைத்திருப்பதைக் கவனியுங்கள். குண்டிலிருந்து காப்பதுதான் முதல் காரணம், ஆனால் முன்னால் தெறிக்கும் சேறும் அங்கே எட்டாது. மலேசியாவில் 1997ல் தொடங்கிய மழைக்காட்டுப் போட்டி வண்டிகள் சிலவற்றில் ரேடியேட்டரைக் கழற்றிப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பொருத்துவதும் இதே யோசனைதான்.

பிழைப்புக்கு ஓட்டும் வண்டியில் அதெல்லாம் ஆகாது. மாணவரின் மெக்கானிக் செய்தது எளிமையானது. முன்னால் கழற்றிப் போடும்படி ஒரு வலைச்சட்டம், ரேடியேட்டரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. ஒட்டிவைத்தால் வலையே அடைப்பாகிவிடும். அடியில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரில் ஒரு தடுப்பு. தினமும் வேலை முடிந்ததும், சேறு காய்வதற்கு முன், ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் குழாயைக் கிட்டே வைத்துச் சாய்வாக அடித்தால் தகடுகள் மடிந்து படுத்துவிடும், அதுவும் அடைப்புதான். ஏசி, டர்போ உள்ள வண்டிகளில் இரண்டு மூன்று ரேடியேட்டர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். நடு இடுக்கில்தான் சேறு குடியிருக்கும், அவிழ்க்காமல் தெரியாது. வெளிநாட்டு டிராக்டர்களில் நாளுக்குப் பலமுறை ஃபேன் தானாகத் திரும்பிச் சுற்றி அடைப்பை ஊதித் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே விலை கட்டாது என்றார்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதில்தான் சிக்கல். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே நுழைந்ததைக் கண்டறிந்துவிட்டார்கள். அதன்பின் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. போர்த் தண்ணீரில் கழுவினால் சேறு போகும், உப்பு நிற்கும், அலுமினியத் தகடு பொடிப்பொடியாக உதிரும். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் செய்யும் ஆலைக்குப் பக்கத்திலேயே, என் மாணவர் வண்டி கழுவ வீட்டிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுபோகிறார். குடும்பத்துக்கு வரும் லாரித் தண்ணீரில் பங்கு அது. அவர் மனைவி சும்மா இருப்பாரா? கேன்களை எண்ணித்தான் கொடுக்கிறாராம்.

அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அடைத்தால் மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் வைத்துப் பற்றுவார்கள். புதுப்பேட்டையில் அப்படிப்பட்ட கைகளை நானே நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டை எங்கே என்று தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பார்கள். எடை குறைவான, மலிவான அலுமினியம் வந்ததும் பழுதுபார்ப்பது போய் மாற்றுவது வந்துவிட்டது. மாணவரின் ரேடியேட்டரும் மாற்றப்பட்டது. பழையதை எடைக்குப் போட்டார்கள். போடுவதற்கு முன் நான் ஒரு குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். தகட்டு இடுக்கிலிருந்து வந்தது சாம்பல் நிறத்தில், மேல் பரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, கையில் எடுத்தால் சில்லுச் சில்லாக உடைந்தது.

பொக்லைன் இப்போது மறுபடி ஓடுகிறது. புதுப்பேட்டையிலோ வேறெங்குமோ செம்பு ரேடியேட்டர் பற்றும் பெரியவர்கள் யாராவது இன்னும் தொழிலில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒருநாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர ஆசை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்