அடுத்தவன் சிப்ஸ்ல கை வைக்காதே!

போக்கர் கிளப்புல முதல் மரியாதை: அடுத்தவர் முன்னால அடுக்கியிருக்கிற சிப்ஸைத் (திங்கிறது இல்லீங்க!) தொடக்கூடாது. பந்தயத்தைச் சேர்க்கிறதும் ஜெயிச்சவர் பக்கம் தள்ளுறதும் டீலர் வேலை. எங்க மன்னார்குடியில தாயம் ஆடினவங்களுக்கு இது புதுசில்ல. எதிராளி காயை வெட்டினாத்தானே எடுக்க முடியும்?

ஆனா யார் காசை யார் வச்சிருக்காங்கன்னு போலீஸும் பார்க்கும். சென்னைக்கு வெளியே நம்ம ஊர்களுக்கு 1930 சூதாட்டச் சட்டம். சோதனையில சீட்டுக்கட்டு, பகடை சிக்கினாலே அது சூதாட்ட விடுதின்னு சாட்சியாயிடும். ஆட்டத்தை யாரும் கண்ணால பார்த்திருக்க வேணாம்.

கிளப்புகள் எப்பவும் துணைக்குக் கூப்பிடுற வழக்கு செகந்திராபாத்துலேர்ந்து வந்தது. 1963ல அங்க ஒரு கிளப்புல ரம்மி ஆடினவங்களைப் பிடிச்சாங்க. மேஜையில டோக்கனும் காசும். பந்தயப் பணம் கிளப் பொருளாளர் கையில. பொது ஆள் ஒருத்தர் வச்சிருந்தா ஆடுறவனுக்கு நிம்மதி, போலீசுக்கோ அதுவே கேஸ்! 1967ல உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு சொல்லி விடுதலையை உறுதி செஞ்சது. சீட்டுக்கும் இடத்துக்கும் கட்டணம் வாங்கினதுல தப்பில்லைன்னுட்டாங்க. ஆனா பந்தயத்துலேர்ந்து கிளப்பே லாபம் எடுத்தா குற்றமாகலாம்னும் சொன்னாங்க. மூணு சீட்டு? அது வெறும் அதிர்ஷ்டம்தானாம்.