இரு நூல்கள்

நூல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நெய்தற்குரிய இழையும் நூல். கற்றற்குரிய ஏடும் நூல். முன்னதைப் பின்னதிற் பதிந்து வைத்த ஒருவரைப் பற்றி இன்று நேயர்களுடன் பேச விரும்புகின்றேன்.

அல்பிரட் கோர்ட் ஹடன் 1855இல் இலண்டனிற் பிறந்தவர்; விலங்கியல் அறிஞர். 1888இல் அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் பவளப் பாறைகளை ஆராயச் சென்றார். அங்கே அவர் கவனம் மனிதர்பாற் திரும்பியது. முதியோருடன் பழைய வழக்காறுகளும் மறைவதைக் கண்டார். 1898இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் தலைவராக மீண்டும் அங்கு சென்றார். பின்னர், 1911இல், நம் நாட்டு வேடரைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மனும் அக்குழுவில் இருந்தார்.

அத்தீவினர் நூலின் இரு நுனிகளையும் முடிந்து, விரல்களிற் கோத்து உருவங்கள் சமைப்பார்கள். மறையும் சூரியன் ஓர் உருவம். இன்னொன்றில் இரு சுருக்குகள் எதிரெதிரே நகர்ந்து மோதும். அவை தலைவேட்டை வீரர் இருவராம்! ஒன்று அவிழ்ந்து வீழ, மற்றது பகைவன் தலையுடன் வீடு திரும்பும். ஒரு துண்டு நூலில் ஒரு போர்க்கதையே நடந்துவிடுகிறது.

ஆனால், விரலை எடுத்தால் உருவம் இல்லை. படம் வரைந்தாலும் முடிவுதான் தெரியும். வந்த வழி தெரியாது. இதற்கு ஹடனும் குழுவிலிருந்த ரிவர்ஸ் என்ற உளவியல் அறிஞரும் ஒரு முறை வகுத்து 1902இல் வெளியிட்டனர். பெருவிரற் பக்கம், சின்னவிரற் பக்கம், உள்ளங்கை, புறங்கை என ஒவ்வோர் இழைக்கும் இடம் குறித்தனர். எந்த விரல் எந்த இழையை எடுக்கிறது, எதை விடுகிறது என்று படிப்படியாக எழுதினர்.

தமிழ் கற்பிப்பவனாகிய என்னைக் கவர்வது இதுவே. சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என நாம் விதி கூறுகிறோம். அவர்கள் விரல்களின் அசைவுக்கு விதி கூறினர். அமெரிக்கரான கரோலின் ஜெய்ன் 1906இலும், ஹடனின் மகள் கத்லீன் 1911இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வழியே எழுந்தவை.

விதியைப் படித்து எவரும் அவ்வுருவத்தை மீண்டும் ஆக்கலாம். எனினும் அதனோடு எழுந்த பாட்டையும், பார்த்திருந்தோர் சிரிப்பையும் விதி தராது. இலக்கணம் மட்டும் இருந்து, பேசுவோர் இல்லாத மொழியின் நிலை அது. ஏட்டு நூல் காக்கும்; வாழவைப்பதோ, ஒரு பிள்ளையின் கையில் இன்னொரு பிள்ளை மாட்டிவிடும் இழை நூல்தான்.