லுவார் நதிக்கரையில் 25 கப்ருகள்

பாரிஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் அம்புவாஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. நிலையம் லுவார் நதியின் வடகரையில், ஊரோ தென்கரையில். இடையில் ‘பொன் தீவு’ என்று அவர்கள் அழைக்கும் ஆற்றிடைத் தீவொன்று. பாலத்தைக் கடக்கும்போதே எதிரே உயர்ந்த பாறையின்மீது வெண்கல் கோட்டையும், அதன் காலடியில் கருநீலப் பலகைக்கல் வேய்ந்த கூரைகளும், அகன்று மெல்லோடும் ஆற்றின் நடுவே மணல் திட்டுகளும் ஒருசேரக் கண்ணில் படுகின்றன.

எங்களை அழைத்துச் சென்றவர் பாரிஸ் புறநகரில் வாழும் உறவினர். காரைக்காலைப் பூர்விகமாகக் கொண்டவர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல. “அரண்மனை பார்க்கத்தானே வந்தீர்கள்? நான் கப்ரு பார்க்கக் கூட்டிப் போகிறேன்” என்று அவர் சொன்னபோது எங்களுக்கு விளங்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆற்றங்கரை நெடுகிலும் வாரச்சந்தை கூடியிருந்தது. நதியும் சந்தையும் இவ்வூரின் பழைய கூட்டாளிகள். தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளில் நூற்றாண்டுக் கணக்கில் சரக்குகள் இவ்வழியே சென்றன. 1846இல் ஓர்லேயானிலிருந்து தூர் நகருக்கு இருப்புப்பாதை வந்ததும் படகு வாணிகம் தளர்ந்தது. சந்தை மட்டும் நிலைத்துவிட்டது. வெள்ளைத் தண்டுக்கீரை, சிறுபழக் கூடைகள், தேன், நடுவே வைக்கோல் தண்டு செருகிச் சாம்பல் பூசிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி என்று கடைகள் நிறைந்திருந்தன. இந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற உணவு, பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வேகவைத்துச் செய்யும் ‘ரியேத்’. கடைக்காரப் பெண்மணி ரொட்டித் துண்டில் தடவி அன்போடு நீட்டினார். எங்கள் வீட்டுப் பெண்கள் தலைத்துணியைத் தொட்டுக் காட்டிப் புன்னகைத்தார்கள். அவர் உடனே புரிந்துகொண்டு, அதே புன்னகையோடு தேன் தடவிய துண்டொன்றைக் கொடுத்தார்.

அரண்மனையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அதைச் சொல்ல வழிகாட்டிகள் பலர் உண்டு. 1470இல் இங்கே பிறந்த எட்டாம் சார்ல் மன்னர், 1498இல் இங்கேயே ஒரு தாழ்ந்த வாசலின் மேற்கட்டையில் தலை இடித்து மாண்டார். முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்று 1516இல் வந்த லியனார்டோ டாவின்சி, அருகிலுள்ள குளோ லூசே மாளிகையில் தம் இறுதி மூன்று ஆண்டுகளைக் கழித்து 1519இல் மறைந்தார். 1560இல், மன்னரைக் கைப்பற்றச் சதிசெய்ததாகச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் பலர் இங்கே கொல்லப்பட்டு, கோட்டையின் முகப்பிலேயே தொங்கவிடப்பட்டனர். அழகிய கட்டடங்களுக்கு இப்படியொரு நினைவும் உண்டு.

குதிரைகளும் வண்டிகளும் மேலேறும்படி உட்புறம் சுழன்று செல்லும் சாய்பாதை கொண்ட கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மேல்தளத் தோட்டத்தின் ஒதுக்குப்புறமான ஒரு சரிவுக்கு வந்தோம். அங்கே சிறுசிறு கற்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அரபு எழுத்துகள். குனிந்து பார்த்தால் குர்ஆன் வசனங்கள். எண்ணினோம்: 25. சிரியாவின் ஹலப் நகரத்துக் கற்கள் அவை. அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் குறைஷி 2005இல் இந்த நினைவுத் தோட்டத்தை அமைத்தார். கற்கள் மக்காவின் திசை நோக்கி நிறுத்தப்பட்டுள்ளன.

பிரெஞ்சு மன்னர்களின் தோட்டத்தில் கிப்லாவை நோக்கி உறங்கும் இவர்கள் யார்?

அல்ஜீரியாவின் மஸ்கரா நகருக்கு அருகில் 1808இல் பிறந்தார் அப்துல் காதிர். தந்தையார் முஹ்யித்தீன், காதிரிய்யா தரீக்காவின் ஷைகு. (தந்தை பெயரும் மகன் பெயரும் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு வழங்குபவையே, கற்களின் முன் நின்றபோது எங்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.) 1830இல் பிரெஞ்சுப் படைகள் அல்ஜியர்ஸைக் கைப்பற்றின. 1832இல், 25 வயதுகூட நிரம்பியிராத அந்த மார்க்கக் கல்விமானை மேற்குப் பகுதிக் குலத்தவர்கள் தங்கள் அமீராக ஏற்று பைஅத் செய்தனர். 15 ஆண்டுகள் அவர் எதிர்த்து நின்றார். 1837இல் ஜெனரல் புஜோ அவரோடு தஃப்னா உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, உள்நாட்டின் பெரும்பரப்பில் அவருடைய ஆட்சியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் பயிர்களை எரிப்பதும் மந்தைகளைக் கவர்வதும் பிரெஞ்சுப் படையின் வழக்கமாயின. 1845இல் தஹ்ரா மலைக்குகையில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வாயிலில் மூட்டிய தீயின் புகையால் மூச்சடைத்துக் கொல்லப்பட்டனர்.

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1846இல், அமீர் தொலைவில் இருந்த வேளையில், அவருடைய முகாமில் பிரெஞ்சுக் கைதிகள் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அவர் இட்ட கட்டளை அன்று அது. ஆயினும் அந்தப் பழி அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. கைதிகளை நடத்துவதில் அவருடைய வழக்கம் வேறாக இருந்தது என்பதற்கு அல்ஜியர்ஸ் நகரின் கத்தோலிக்க ஆயர் துபுய்ஷ் சாட்சி. ஒரு கைதியை விடுவிக்குமாறு அவர் அமீருக்கு எழுதினார். ஒருவரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள், எல்லாக் கைதிகளையும் கேட்டிருக்கலாமே, உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்காகவும் பேசியிருக்கலாமே என்னும் கருத்தில் அமீரிடமிருந்து பதில் வந்தது. 1841இல் கைதிகள் பரிமாற்றம் நடந்தேறியது.

1847 டிசம்பரில் அமீர் போரை நிறுத்தினார். தம்மையும் தம்மோடிருப்போரையும் அலெக்ஸாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்ப வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. ஜெனரல் லாமோரிசியேர் வாக்களித்தார். பிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப்பின் மகனும் அல்ஜீரியாவின் ஆளுநருமான ஓமால் கோமகன் அதை உறுதிப்படுத்தினார். அமீர் கப்பலேறினார். கப்பலோ தூலோன் துறைமுகத்தில் நின்றது. இறங்கியவர்கள் கோட்டைக்குள் அடைக்கப்பட்டனர். இரண்டு மாதத்தில் பாரிஸில் புரட்சி வெடித்து மன்னர் முடியிழந்தார். முடியாட்சி தந்த வாக்கு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று புதிய குடியரசு கையை விரித்தது. சுதந்திரமும் சமத்துவமும் பேசிய அரசு அது என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

வாக்குறுதியிலிருந்து பிரான்சை விடுவித்துவிட்டால் இந்நாட்டிலேயே வசதியான வாழ்வு கிடைக்கும் என்று அவருக்கு ஆசை காட்டப்பட்டது. அமீர் மறுத்துவிட்டார். தூலோனிலிருந்து பிரனே மலையடிவாரத்துப் போ நகரக் கோட்டைக்கும், அங்கிருந்து 1848 நவம்பரில் அம்புவாஸுக்கும் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். இந்தக் கோட்டை அதுவரை லூயி ஃபிலிப்பின் குடும்பச் சொத்து என்பது வினோதம்: வாக்களித்த இளவரசரின் தந்தை வீட்டிலேயே வாக்கு மீறப்பட்டவர் சிறையிருந்தார்.

தாயார், மனைவியர், பிள்ளைகள், சகோதரர்கள், பணியாளர்கள் என்று ஏறத்தாழ 80 பேர். வெயிலில் கூடாரமடித்து வாழ்ந்த மக்கள், லுவார் நதியின் ஈரக்காற்று வீசும் கற்சுவர்களுக்குள் நான்கு குளிர்காலங்களைக் கழித்தனர். அமீர் தொழுகையிலும் கல்வியிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதிலும் காலத்தைச் செலவிட்டார். இஸ்லாத்தின் மீது கூறப்பட்ட அவதூறுகளுக்கு மறுப்பாக அவர் எழுதிய நூலொன்று இந்தச் சிறைவாசத்தில் பிறந்ததே. காவலுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட கேப்டன் புவாசோனே நாளடைவில் அவருடைய நண்பரானார். பழைய ஆயர் துபுய்ஷ் தேடிவந்து சந்தித்து, அமீரை விடுவிக்கக் கோரி 1849இல் ஒரு நூலையே எழுதி வெளியிட்டார்.

அந்த ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களே இந்த 25 பேர். இவர்களுள் சிறு குழந்தைகளும் உண்டு. போரில் வாளேந்தியவர்கள் அல்லர் இவர்களிற் பலர். அமீரோடு வந்தவர்கள், அவ்வளவே. அலெக்ஸாந்திரியாவுக்குப் போகிறோம் என்று நம்பிக் கப்பலேறியவர்கள்.

நாங்கள் ஸலாம் உரைத்து, ஃபாத்திஹா ஓதி துஆச் செய்தோம். பின்வந்த பிரெஞ்சு முதியவர் ஒருவர், நாங்கள் கைகளை ஏந்தி நிற்பதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாங்கள் முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

அருகில் பிறை சூடிய பழைய நினைவுத்தூண் ஒன்றும் இருக்கிறது. கைதிகள் விடுதலையாகிச் சென்ற மறுவருடமே, 1853இல், அம்புவாஸ் மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி எழுப்பியது அது. அரசாங்கம் ஒன்று செய்தது; அதே நாட்டின் சிற்றூரார் வேறொன்று செய்தார்கள். பிரான்சைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல விரும்புவோர், அமீரின் நாட்டை எரித்த கதையையும் இந்தத் தூணையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

விடுதலை வந்த விதமும் கேட்கத் தக்கது. 1852 அக்டோபர் 16 அன்று, விரைவில் பேரரசராக முடிசூடவிருந்த லூயி நெப்போலியன் தாமே இக்கோட்டைக்கு வந்து விடுதலையை அறிவித்தார். அமீரின் முதிய தாயார் அவருடைய கரத்தில் முத்தமிடும் காட்சியை அன்ஜ் திசியே என்னும் ஓவியர் பிற்காலத்தில் தீட்டினார். அரசருக்கு அது பெருமை தரும் படம். எங்களுக்கோ, ஐந்தாண்டு தாமதமாகக் கொடுக்கப்பட்ட உரிமைக்கு ஒரு மூதாட்டி நன்றி கூறுவதைக் காண மனம் கனத்தது.

அல்ஜீரியாவுக்குத் திரும்பிப் போர் தொடுப்பதில்லை என்று அமீர் வாக்களித்தார். உஸ்மானியரின் புர்ஸா நகரிலும் 1855 முதல் திமிஷ்கிலும் வாழ்ந்து, 1883இல் மறையும்வரை அந்த வாக்கைக் காத்தார். 1871இல் தாயகத்தில் முக்ரானியின் கிளர்ச்சி எழுந்தபோதும் அவர் அசையவில்லை; அதில் கலந்துகொண்ட தம் மகனைக்கூட அவர் ஆதரிக்கவில்லை. இதற்காக இன்றும் அவரைக் குறைகூறுவோர் உண்டு. எங்கள் குழுவிலேயே ஓர் இளைஞர், “வாக்கை மீறியவனுக்குக் கொடுத்த வாக்கையுமா காப்பாற்ற வேண்டும்?” என்று கேட்டார். உறவினருக்கும் அவருக்குமிடையே நடந்த வாதம் சாய்பாதை வழியே கீழே இறங்கி முடியும்வரை ஓயவில்லை. எங்களிற் பெரும்பாலோர் அமீரின் பக்கமே நின்றோம். ஆனால் அந்த இளைஞரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை.

1860 ஜூலையில் திமிஷ்கில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, அமீர் தம் அல்ஜீரியத் தோழர்களோடு வீதியில் இறங்கி, ஆயிரக்கணக்கானோருக்குத் தம் இல்லத்திலும் நகரக் கோட்டையிலும் அடைக்கலம் தேடிக்கொடுத்தார். பிரான்சு நாட்டின் தூதரகத்தாரும் அவரால் காக்கப்பட்டவர்களுள் அடங்குவர். அம்புவாஸில் தம் வீட்டாரை அடக்கம் செய்துவிட்டுப் போனவர் செய்த காரியம் அது. பிரான்சு அவருக்கு ‘லெஜியோன் தொன்னேர்’ விருதின் மிகவுயர்ந்த நிலையை அளித்துச் சிறப்பித்தது.

ஆற்றோரத்தில் அமீருக்காக எழுப்பப்பட்ட உலோகச் சிற்பமொன்றையும் பார்த்தோம். 2022 பிப்ரவரியில், திறப்பு விழாவுக்குச் சில மணி நேரத்துக்கு முன் யாரோ அதைச் சிதைத்துவிட்டார்கள். விழாவை ஊரார் நிறுத்தவில்லை. சிதைந்த சிற்பத்தின் முன்னேயே நடத்தினார்கள்.

லுஹர் வேளை வந்தது. பொன் தீவின் புல்வெளியில் விரிப்பை விரித்துத் தொழுதோம். தொழுது முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது உறவினர் தம் தந்தையாரைப் பற்றிச் சொன்னார். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். 732இல், ஹிஜ்ரி 114 ரமலானில், இதே வட்டாரத்தில் தூர் நகருக்கும் புவாத்தியே நகருக்கும் இடையே நடந்த போரில் அப்துர் ரஹ்மான் அல்காஃபிக்கி வீழ்ந்ததையும் சார்ல் மார்தெல் வென்றதையும் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர். அம்புவாஸின் கைதியைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லையாம். முதுமையில் பிரான்சுக்கு வந்தபின் தற்செயலாக இந்தத் தோட்டத்தைக் கண்டிருக்கிறார். அதன்பின் உடல் இடங்கொடுத்தவரை ஆண்டுக்கொருமுறை வந்து ஓதிவிட்டுப் போவது அவர் வழக்கமாயிற்று. அவர் மறைந்தபின் மகன் வருகிறார்.

மாலையில் சந்தை கலைந்துவிட்டது. ஆற்றங்கரையை நீர் பாய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் நடுவில் எங்கள் சிறுமி நின்று கோட்டையைத் திரும்பிப் பார்த்து, “அந்தக் குழந்தைகளின் கப்ரு எங்கே தெரிகிறது?” என்று கேட்டாள். கீழிருந்து பார்த்தால் மதில் மட்டுமே தெரியும் என்று சொன்னோம். அவள் மதிலைப் பார்த்தே கையை உயர்த்தி ஸலாம் சொன்னாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.